படகு ஆபீசும் நான் வைத்த பொட்டும்

பிள்ளைகளா, உங்கள் அப்பா லண்டன் போய்வந்தார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிகிறீர்களாம். அதை முதலில் திருத்திவிடுகிறேன். லண்டனில் நான் இறங்கினதோடு சரி. நான் இருந்தது அங்கிருந்து ரயிலில் மூன்று மணி நேரம் தள்ளி, ஒரு வாய்க்காலில். வாய்க்காலில் என்றால் வாய்க்கால் ஓரத்தில் இல்லை. அதற்குள்ளேயே, ஒரு படகில். அந்த ஒரு வாரத்தில் எனக்கு நெஞ்சு எத்தனை தடவை நின்று நின்று ஓடியது என்று எனக்குத்தான் தெரியும்.

நான் எதற்குப் போனேன் என்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும். ராஜபாளையத்தில் அப்பா வேலை பார்க்கிற தறிக்கூடத்தில் நெய்வது சேலையோ வேட்டியோ இல்லை. காயத்துக்குக் கட்டுகிற வெள்ளைத் துணி. அறுபது தறி. முதல் தடவையாகப் போன ஐப்பசியில் நூற்று நாற்பது பேல் துணி கப்பலில் வெளிநாடு போனது. பேல் என்றால் துணியை மடித்து, அடுக்கி, இறுக்கிக் கட்டின பெரிய மூட்டை. பொங்கலுக்கு முன்னால் ஒரு கடிதம் வந்தது. 'துணியில் கறை இருக்கிறது. துணி தெரிந்த ஆள் ஒருவர் நேரில் வரவும். அதற்குப் பிறகு முடிவான அறிக்கை எழுதுவோம்' என்று இருந்தது.

அந்த அறிக்கையில் 'ஆகாது' என்று வந்துவிட்டால் சரக்கு திரும்பி வரும். அடுத்த ஆர்டரும் போய்விடும். அறுபது தறியும் அந்த ஆர்டரை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தன.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "நீ போய்ட்டு வா. எனக்கு இங்கிலீஷ் தெரியும், துணி தெரியாது. உனக்குத் துணி தெரியும்."

"எனக்கு அரைகுறை இங்கிலீஷ்தானே முதலாளி."

"நூலை எண்ணிக் காட்டுறதுக்கு என்னத்துக்குய்யா இங்கிலீஷ்?"

துபாய் போகலாம் என்று ஒரு காலத்தில் எடுத்து வைத்த பாஸ்போர்ட் அப்போதுதான் பெட்டியை விட்டு வெளியே வந்தது. தறி பழுது பார்க்கிற பிட்டர் காதர் பாய் தன் மருமகனுடைய கல்யாணக் கோட்டைக் கொண்டுவந்து என் தோளில் போட்டார். "தம்பி, போறது எம்புட்டுப் பெரிய ஆபீஸோ. சட்டையோட போய் நம்ம மானத்த வாங்கிராதிய. மடிப்புக் கலையாம கொண்டாந்து தரணும், ஆமா." உங்கள் அம்மா பால்கோவா ஒரு டப்பா, பருப்புப் பொடி ஒரு டப்பா கட்டிக்கொடுத்தாள்.

திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தேன். கடிதத்தின் தலையில் 'கிங்ஃபிஷர்' என்று பெரிய எழுத்தில் அச்சடித்து, கீழே ஊர்ப் பெயர் இருக்கும். எங்கள் ஆபீஸ் கிளார்க் சாம்பிள் துணி அனுப்பின காலத்திலிருந்தே 'மேனேஜர் அவர்கள், கிங்ஃபிஷர் பில்டிங்' என்றுதான் கவர் மேல் எழுதிக்கொண்டிருந்தார். நானும் நாலு மாடி, லிஃப்ட், கண்ணாடிக் கதவு என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். டாக்சிக்காரர் என்னை ஒரு செங்கல் சுவர் ஓரமாக இறக்கிவிட்டுப் போய்விட்டார். சுற்றிலும் மூடுபனி. முன்னால் கறுப்பாக ஒரு வாய்க்கால். கரையில் ஒரு வயசாளி கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்.

"கிங்ஃபிஷர் பில்டிங் எங்கே?" என்று கடிதத்தைக் காட்டினேன்.

அவர் கடிதத்தைப் பார்த்தார். என் கோட்டைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் கிடந்த பச்சைப் படகைப் பார்த்தார். அதன் நெற்றியில் ஒரு மீன்கொத்தி வரைந்து, கிங்ஃபிஷர் என்று எழுதியிருந்தது.

"இதுதான் பில்டிங். தலையைக் குனிந்து வாங்க. இல்லாட்டி இடிக்கும்" என்றார். குனிந்தும் இடித்தது.

ரெண்டு டவுன் பஸ்ஸை ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்தினால் எம்புட்டு நீளமோ அம்புட்டு நீளம். அகலமோ நம் டவுன் பஸ்ஸைவிடக் குறைவு. நான் கையை நீட்டினால் ரெண்டு சுவரும் தட்டிவிடும். அதற்குள் ஒரு விறகு அடுப்பு, ஒரு சமையல் மேடை, ஒரு கட்டில், புத்தகம், செருப்பு, வெங்காயம் எல்லாம் இருந்தன. வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் மடக்கு கம்ப்யூட்டர் ஒன்று. அதற்குப் பக்கத்தில் செங்கல் அளவுக்கு ஒரு கையடக்க போன். கம்பளிச் சட்டை போட்ட ஒரு அம்மா தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயசு இருக்கும்.

"மேனேஜரைப் பார்க்கணும்" என்றேன்.

"நான்தான்" என்று ஈரக் கையைத் துடைத்துவிட்டு நீட்டினார். பெயர் ஹெலன்.

"ஆபீஸ்?"

"இதுதான்."

"மற்ற ஆட்கள்?"

கயிறு சுற்றினவரைக் காட்டினார். "அவர் டாம். என் வீட்டுக்காரர். டிரைவர் வேலை அவருக்கு."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கடல் தாண்டி வந்த நூற்று நாற்பது பேல், எங்கள் அறுபது தறி, எல்லாவற்றின் தலையெழுத்தும் தட்டுக் கழுவுகிற இந்த அம்மா கையிலா இருக்கிறது? துணி வாங்குகிற பெரிய கம்பெனிகளுக்காகத் துணியைச் சோதித்து எழுதிக் கொடுப்பது அவர் வேலை. துணி அவர் இருக்கிற இடத்துக்கு வரும். அவர் படகில் இருந்தபடியே பார்த்து, கம்ப்யூட்டரில் எழுதி, போன் வழியாக அனுப்பிவிடுவார். கம்பெனிக்காரர்கள் அவரை வருஷத்துக்கு ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லையாம். இன்றைக்கு ஒரு ஊர், அடுத்த வாரம் ஒரு ஊர், படகு போகிற இடத்தில் ஆபீஸ். சங்கு ஊதினால் கேட்டுக்குள் போகணும், மறுபடி ஊதினால் வெளியே வரணும் என்று இருபது வருஷம் பழகின எனக்கு, இது வேலையா விளையாட்டா என்று புரியவில்லை.

பால்கோவாவைக் கொடுத்தேன். டாம் ஒரு கரண்டி வாயில் போட்டு, கண்ணை மூடி, ரொட்டியில் தடவிக்கொண்டு வந்தார். "ராஜபாளையமா? எனக்குத் தெரியுமே. வெள்ளை நாய்" என்றார். நம் ஊரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அம்புட்டுதான். அதுவாவது தெரிந்ததே என்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை துணியை எடுத்தார்கள். நூல் எண்ணுகிற கண்ணாடி இருக்கிறதல்லவா, அப்பா ஒரு தடவை வீட்டுக்குக் கொண்டுவந்து உங்கள் விரல் ரேகையைக் காட்டினேனே, அதே மாதிரி ஒன்று அந்த அம்மாவிடமும் இருந்தது. ஒரு அங்குலத்தில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் எத்தனை, குறுக்கே ஓடுகிற ஊடை நூல் எத்தனை என்று ஊசி முனையால் தள்ளித் தள்ளி அவர் எண்ணினார். பிறகு என்னிடம் தந்தார். நான் தமிழில் எண்ணினேன். ரெண்டு பேருக்கும் ஒரே கணக்கு வந்தது. அவர் சிரித்தார். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அது செத்த நேரம்தான். ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேஜையில் வைத்தார். உள்ளே நம் துணி. அதன் நடுவில் விரல் நுனி அளவுக்கு ஒரு கறை. காய்ந்த செங்காவி நிறம்.

"இரத்தம் என்று நினைக்கிறேன்" என்றார், எனக்குப் புரியும்படி மெதுவாக. "நெய்கிறவருக்குக் கை அறுபட்டால் இப்படி ஆகும். ஆனால் குடோனில் நான் திறந்து பார்த்த எல்லா பேலிலும், மேல் மடிப்பில், ஒரே இடத்தில், ஒரே அளவில் இருக்கிறது. தினமும் ஒருத்தருக்கு ஒரே மாதிரியா கை அறுபடும்?"

பிள்ளைகளா, அந்தக் கறையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அது என் மோதிர விரல்.

சரக்கு ஏற்றின அன்றைக்கு என்ன நடந்தது தெரியுமா? முதல் வெளிநாட்டு லோடு. யார் கண்ணும் பட்டுவிடக் கூடாது என்று மடிப்பு செக்‌ஷன் மாரியம்மாள் தாம்பாளத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலக்கி ஆரத்தி கொண்டுவந்தாள். லாரி சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். லாரிக்குச் சுற்றினோம். சுற்றி முடித்ததும் ஆரத்தித் தண்ணீரைத் தொட்டு நெற்றியில் வைப்பதுதானே வழக்கம்? லாரிக்கு வைத்தேன், டிரைவருக்கு வைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடல் தாண்டிப் போகிற பிள்ளைக்குப் பொட்டு வைக்காமல் அனுப்பலாமா என்று, சாக்கு வைத்துத் தைக்கிறதுக்கு முன்னால் ஒவ்வொரு பேலின் மேல் மடிப்பிலும் ஒரு பொட்டு வைத்தேன். நூற்று நாற்பதுக்கும் நானே வைத்தேன். திருஷ்டி கழியட்டும் என்று வைத்தது.

கறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்களே வைத்தோம் என்று சொன்னால் இன்னும் மோசமாகிவிடும், சொல்லாமல் இருந்தால் கப்பலில் எங்கோ பட்டது என்று போனாலும் போகும் என்று மனசு கணக்குப் போட்டது. உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அன்றைக்கு அப்பா வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

சரக்கு இருக்கிற கிட்டங்கி, அந்தக் குடோன், வேறொரு ஊரில், அதே வாய்க்கால் கரையில். நானும் சரக்கை நேரில் பார்க்கணும், ஒரு பகலில் போய்விடலாம் என்று படகைக் கிளப்பினார்கள். நடந்தே போனால் அதைவிடச் சீக்கிரம் போயிருக்கலாம். சைக்கிளில் போன ஒரு பெண் எங்களைத் தாண்டிப் போனாள். அப்புறம் நாய் பிடித்துக்கொண்டு போன ஒரு கிழவரும் தாண்டிப் போனார். சேத்தூர் பஸ்ஸை நான் திட்டினதுக்கெல்லாம் அன்றைக்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

வழியில் தண்ணீர் மேடேறுகிற ஒரு இடம். நம் கண்மாய் மதகு மாதிரி முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. நடுவில் படகை நிறுத்தி, ரெண்டையும் அடைத்து, தண்ணீரைத் திறந்துவிட்டால் படகு அப்படியே மேலே எழும்புகிறது. கதவைத் திறக்க ஒரு பெரிய மர உத்திரத்தை முதுகால் தள்ள வேண்டும். நம் ஆண்டாள் தேருக்குப் பின்னால் நின்று தடி போட்டு நெம்புவார்களே, அந்த மாதிரி. நானும் தள்ளினேன். தரையில் உறைபனி. கால் வழுக்கி, கோட்டின் கக்கத்தில் டர்ரென்று கிழிந்தது. காதர் பாய் முகம் அந்த வாய்க்கால் தண்ணீரில் தெரிந்தது.

புதன்கிழமை விடிந்தபோது படகு ஆடவில்லை. ஜன்னலைத் துடைத்துப் பார்த்தால் தண்ணீரைக் காணவில்லை. வெள்ளையாக, தகடு மாதிரி, வாய்க்கால் முழுக்கக் கெட்டியாகிவிட்டது. ஒரு வாத்து அதன் மேல் நடந்து போய்க்கொண்டிருந்தது. நான் டாமை எழுப்பப் போனேன். அவர் ஏற்கெனவே வெளியே நின்று நீளக் கழியால் குத்திப் பார்த்துவிட்டு, "இனிமேல் அதுவாக உருகணும்" என்று சொல்லி டீ போட உள்ளே வந்தார். ரெண்டு பக்கமும் மேடு, நடுவில் பள்ளம், அதில் நாங்கள். போனில் சத்தமே வரவில்லை. அரை மணி நடந்தால் ஒரு பாலம் இருக்கிறதாம். அங்கே போனால்தான் போன் பேசுமாம்.

இப்படி நடுக்காட்டில் மாட்டிக்கொண்டோமே என்று நான் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அந்த அம்மாவோ ரெண்டாவது காலுறையை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரைத் திறந்து வேலையை ஆரம்பித்துவிட்டார். மதியம் உருளைக்கிழங்கு உரித்த கையோடு எகிப்துத் துணி ஒன்றைப் பார்த்து எழுதினார். அடுப்பில் ஒரு கட்டை வைத்துவிட்டு வந்து சீனாத் துணியைப் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை, யாரும் கேட்கவில்லை. அப்படியும் ஒவ்வொரு துணியையும் மூன்று தடவை எண்ணினார். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

குளிக்கப் போனேன். டாம் குறுக்கே கையை நீட்டினார். தொட்டித் தண்ணீர் தீர்ந்தால் நிரப்ப வழியில்லையாம். நமக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் தண்ணீர் வருகிறது என்று குறைப்பட்டுக்கொள்கிறோமே, நான் தண்ணீர் மேலேயே படுத்திருந்து மூன்று நாள் குளிக்காமல் இருந்தேன். சாப்பாட்டுக்கு அவித்த பயறு. அதில் இனிப்பு. நான் பருப்புப் பொடியை எடுத்து அதன் மேல் போட்டுக்கொண்டேன். டாமும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, செத்த நேரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். மறுநாளும் கேட்டார்.

வியாழக்கிழமை அந்த அம்மா நம் அறிக்கையை எழுதினார். வெள்ளிக்கிழமை காலை பாலத்துக்குப் போய் அனுப்பிவிட வேண்டும் என்று கம்பெனி கெடு வைத்திருந்தது. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஆனால் இங்கிலீஷில் 'இரத்தம்' என்று எழுதியிருந்தால் எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவேன். வாசித்தேன். அந்தச் சொல் இருந்தது.

அவர் திரும்பி, "நெய்கிறவர்கள் பெயர் எல்லாம் வேண்டும்" என்றார்.

"எதுக்கு?"

"எல்லாருக்கும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லி எழுதப்போகிறேன். யாருக்காவது வியாதி இருந்தால் அவரை வேலையிலிருந்து நிறுத்த வேண்டும்."

காதர் பாய், மாரியம்மாள், ராத்திரி ஷிப்டு பெண்கள் எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்துக் கையில் ஊசி குத்துவது என் கண் முன்னால் வந்தது. அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. எழுந்துபோய், மீனுக்குப் பிழிய வைத்திருந்த எலுமிச்சம்பழத்தில் பாதியை எடுத்துவந்தேன். உறைக்குள் இருந்த துணியைக் கேட்டு வாங்கி, கறையின் மேல் ரெண்டு சொட்டுப் பிழிந்தேன்.

செங்காவியாக இருந்த கறை, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பளிச்சென்று மஞ்சளாகிவிட்டது.

அந்த அம்மா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். நான் பாத்திரம் தேய்க்கிற சோப்பைத் தண்ணீரில் கரைத்து அதன் மேல் தொட்டேன். மறுபடி சிவந்தது. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவப்பு, எலுமிச்சை பட்டால் பழையபடி மஞ்சள். ஆரத்தி கரைக்கிற வீட்டில் யாருக்கும் தெரிந்ததுதான். அந்த அம்மாவுக்கு மாயம் மாதிரி இருந்திருக்கும்.

"இது இரத்தம் இல்லை. மஞ்சள், சுண்ணாம்பு. இது என் விரல்" என்று விரலைக் கறையின் மேல் வைத்துக் காட்டினேன். அளவு சரியாக இருந்தது. "இதுக்குப் பேர் பொட்டு."

"பாட்டு."

"பொட்டு. கண் படாமல் இருக்க."

"யாருடைய கண்?"

"எல்லாருடைய கண்ணும்."

"என்னுடையதுமா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். டாம் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. அவர் முகம் சிவந்துவிட்டது.

"தெருவில் நின்று, ஏதோ தண்ணீரில் விரலை முக்கி, அறுத்துத் தைத்த காயத்தில் வைக்கிற துணியைத் தொட்டீர்களா? நூல் எண்ணத் தெரிந்த ஆளா இதைச் செய்தீர்கள்?"

இங்கிலீஷ் முழுக்கப் புரியாவிட்டாலும் அது புரிந்தது. நான் அதுவரை அந்தத் துணியைச் சரக்கு என்றுதான் நினைத்திருந்தேன். யாரோ ஒருத்தர் காயம் அதன் மறுமுனையில் இருக்கிறது என்று நினைத்ததே இல்லை.

அவர் கொஞ்சம் ஆறினதும் கேட்டார். "மேல் மடிப்பில் மட்டும்தானா?"

"மேல் மடிப்பு மட்டும்தான். நானே வைத்தேன்."

"உறுதியாகவா?"

அவர் என்னையே பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு என்னவோ போல் இருந்தது. அன்றைக்குப் பொட்டு வைத்து முடித்ததும், சாக்குத் தைக்கிறதுக்கு முன்னால், லாரி பேப்பரில் கையெழுத்துப் போட நான் உள்ளே போனேன். தாம்பாளத்தை மாரியம்மாள் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனேன். அது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதை அவரிடம் சொன்னேன்.

"நாளைக்குக் காலையில் பாலத்துக்குப் போய் உங்கள் ஊரில் கேட்டுச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு எந்த அறிக்கையை அனுப்புவது என்று பார்க்கிறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் நடந்தோம். பாலத்தின் நடுவில் நின்று போனை மேலே தூக்கிப் பிடித்தால் சத்தம் வந்தது. அங்கே காலை ஒன்பது, ராஜபாளையத்தில் மதியம் ரெண்டரை. ஷிப்டு மாறுகிற நேரம். முதலாளி எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் தெலுங்கில் என்னமோ முனங்கிவிட்டு மாரியம்மாளைக் கூப்பிட்டுப் போனைக் கொடுத்தார்.

"அண்ணாச்சி, நல்லா இருக்கியளா? அங்க ரொம்பக் குளிராமே?"

"அத விடு. நான் உள்ள போனப்ப ஆரத்தித் தட்டு ஒங்கிட்டதான இருந்துச்சு. பேல்ல நீயும் பொட்டு வச்சியா?"

"எதுக்கு அண்ணாச்சி கேக்கிய?"

"ஏட்டி, கேக்கேன்ல?"

"வச்சேன்" என்றாள் மெதுவாக. "அடியில."

"அடியிலயா?"

"ஆமா. நீங்க பாட்டுக்கு மேல வச்சுட்டுப் போய்ட்டிய. எறக்குறவன் மூட்டையத் தலகீழா எறக்குனா பொட்டு அடியிலல்லா போயிரும்? எப்படிக் கவுத்தாலும் மேல ஒண்ணு இருக்கட்டும்னு நானும் நம்ம பிள்ளைகளும் பொரட்டிப் பொரட்டி வச்சோம். ஏன், எதும் தப்பா அண்ணாச்சி?"

பின்னால் காதர் பாய் குரல் கேட்டது. "வெளங்கிரும். அந்தக் கோட்டு பத்திரமா இருக்கான்னு கேளு தாயி."

"எல்லாத்துலயுமா வச்சிய? வேற எங்கயும் வைக்கலியே?"

"எல்லாத்துலயும்தான். கடைசி மடிப்புல மட்டும். சாமி சத்தியமா வேற எங்கயும் இல்ல."

போன் அணைந்துவிட்டது. அந்த அம்மா பத்தடி தள்ளி, கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார். நாங்கள் பேசினதில் ஒரு சொல்லும் அவருக்குப் புரிந்திருக்காது. 'மேல் மடிப்பு மட்டும்தானாம்' என்று நான் சொன்னால் வேலை முடிந்தது. மேல் மடிப்பை வெட்டிப் போட்டுவிட்டு மற்றதை ஏற்றுக்கொள்வார்கள். தறி ஓடும். இன்னொரு பொட்டும் இருக்கிறது, அதுவும் வேண்டுமென்றே வைத்தது என்று சொன்னால், இவர்கள் துணியே வேண்டாம் என்று போனாலும் போய்விடும். நான் அந்த நிமிஷத்தில் அறுபது தறியையும் நினைத்தேன். ஆனால் பேலின் அடியில் கிடக்கிற துணியை ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் ஒருத்தர் காயத்தில் வைப்பது கண்ணைவிட்டுப் போகவில்லை.

"அடி மடிப்பிலும் இருக்கிறது. எல்லா பேலிலும். எனக்குத் தெரியாது. இப்போதுதான் சொல்கிறார்கள்" என்றேன்.

அந்த அம்மா கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்தார். அதில் இன்னொரு பிளாஸ்டிக் உறை. உள்ளே நம் துணி. அதன் நடுவில் ஒரு பொட்டு, என் விரலைவிடச் சின்ன விரல் வைத்தது.

"அடி மடிப்பில் இருந்தது. நீங்கள் வருவதற்கு முன்பே பார்த்துவிட்டேன்" என்றார்.

நேற்று நான் மேல் மடிப்பு மட்டும்தான் என்று அடித்துச் சொன்னபோதும் அது அவரிடம் இருந்திருக்கிறது. இன்றைக்கும் நான் அதையே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்ததும் பாலத்தின் சுவரைப் பிடித்துக்கொண்டேன். டாம் என் முதுகைத் தட்டினார். அந்த அம்மா கம்ப்யூட்டரைப் பாலத்துச் சுவர் மேல் வைத்து, போனோடு ஒயரைச் சொருகினார். ரெண்டு அறிக்கை எழுதி வைத்திருந்தார். 'ஆகாது' என்று இருந்த முதலாவதை அழித்தார். இரண்டாவதை அனுப்பினார். திரையில் ஒரு கோடு மெல்ல மெல்ல நிரம்பியது. ஆபீஸ் கட்டடம் இல்லை, மேஜை இல்லை, முத்திரை இல்லை. பனி கொட்டுகிற ஒரு பாலத்துச் சுவரில் நம் அறுபது தறியும் பிழைத்தன.

சனிக்கிழமை வெயில் வந்து பனி விரிசல் விட்டது. கிட்டங்கிக்குப் போய்ச் சேர்ந்தோம். எல்லா பேலையும் பிரித்து, மேல் மடிப்பையும் அடி மடிப்பையும் வெட்டி எடுக்க வேண்டும் என்பதுதான் அந்த அறிக்கையில் இருந்த நிபந்தனை. கிட்டங்கி ஆட்கள் செய்வார்கள் என்றார் அந்த அம்மா. நான் கேட்கவில்லை. கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு கிழிந்த கோட்டோடு உட்கார்ந்தேன். ரெண்டு நாள் ஆயிற்று. நான் வைத்தது நூற்று நாற்பது, மாரியம்மாள் கூட்டம் வைத்தது நூற்று நாற்பது. ஒன்றுகூட விடுபடவில்லை. வைக்கும்போது எம்புட்டு அக்கறையாக வைத்திருக்கிறோம் பாருங்கள்.

ஊருக்கு வந்ததும் காதர் பாய் கோட்டின் கக்கத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மருமவன் இனி கையத் தூக்காம நடக்கட்டும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. தையல்காரரிடம் கொடுத்து நான்தான் தைத்து வாங்கிக் கொடுத்தேன்.

ரெண்டாவது லோடு பங்குனியில் போனது. மாரியம்மாள் ஆரத்தி எடுத்தாள். லாரிக்கும் டிரைவருக்கும் வைத்துவிட்டு, விரலை அப்படியே ஒசத்திப் பிடித்துக்கொண்டு பேல்களைத் தாண்டிப் போய், குழாயில் கழுவினாள். துணி அந்தப் படகுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து ஃபேக்ஸில் பதில் வந்தது. முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். பாவு நூல் சரி, ஊடை நூல் சரி, வெள்ளை சரி. கடைசியில் முன்பு இல்லாத புது வரி ஒன்று இருந்தது. அதை வாசித்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"பொட்டு: நில்."

இங்கிலீஷில் 'நில்' என்றால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். மாரியம்மாளுக்கு அது தெரியாது. அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"அந்தம்மா எங்கயோ கடலுக்கு அந்தாண்ட படகுல உக்காந்துக்கிட்டு, பொட்டப் பாத்து நில்லுன்னா சொல்லுதாவ?"

"ஆமாம்" என்றேன் நான்.

"நல்லதாப் போச்சு. லாரியோட நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் மடிக்கப் போய்விட்டாள்.